கிருமியை அடக்கிய பின்னும் காக்க வேண்டிய இதயம்

ஆலய மலரில் எச்.ஐ.வி. பற்றிய கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். தலபுராணமும் திருமுறை விளக்கமும் திருப்பணிக் கணக்கும் இடம்பெறும் ஏட்டில் இதற்கென்ன வேலை என்று கேட்பதும் இயல்பே. ஆனால், அன்னதானப் பந்தியில் நமக்குப் பக்கத்து இலையில் அமர்ந்து உண்பவர்களுள் இக்கிருமியோடு வாழ்பவர்களும் உண்டு. அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. (பக்கத்தில் அமர்ந்து உண்பதால் இது தொற்றாது என்பதை இன்றும் எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.) இக்கட்டுரை அவர்களுக்காகவும் அவர்களுடைய வீட்டாருக்காகவும் எழுதப்படுகிறது. ஒழுங்காக மருந்து உண்டு வரும் ஒருவருக்கு இன்று பெரிய அச்சம் எய்ட்ஸ் அன்று; மாரடைப்பு.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலய மண்டபத்தில் நடந்த இலவச மருத்துவப் பரிசோதனை ஒன்றில், ஓய்வு பெற்ற மருந்தாளர் என்ற முறையில் மருந்து ஆலோசனை மேசையில் நான் அமர்ந்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் கூட்டம் குறையும்வரை தூணோரம் காத்திருந்து, பிறகு வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்தார்.

“ஐயா, இந்த ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா? அத மட்டும் சொல்லுங்க. பேரெல்லாம் எழுதிக்க வேணாம்.”

ஒன்று சிம்வாஸ்டேட்டின், இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்க ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்தது. மற்றொன்று லோப்பினாவிர், ரிட்டோனாவிர் இரண்டும் கலந்த எச்.ஐ.வி. மாத்திரை, அரசாங்க மருத்துவமனையிலிருந்து பல ஆண்டுகளாக வாங்கி வருவது. பத்து நாள்களாகத் தொடையிலும் தோளிலும் வலி என்றார். மூட்டை தூக்கும் வேலை, அதனால் இருக்கும் என்பது அவர் நினைப்பு. இவ்விரண்டு மருந்துகளையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. கொழுப்பு மாத்திரையை அப்போதே நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகும்படி கேட்டுக்கொண்டேன்.

கிளினிக் மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு எச்.ஐ.வி. மருந்தைப் பற்றித் தெரியாது, நோயாளி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கவுண்டர்ல இருக்கிற பொண்ணு எங்க தெரு, ஐயா” என்றார்.

ரிட்டோனாவிர் என்பது மற்ற எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்குவதற்காகச் சேர்க்கப்படும் துணை மருந்து. கோபிசிஸ்டாட் என்பதும் அத்தகையதே. கல்லீரலில் மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு நொதியை இவை முடக்கி வைக்கின்றன. சிம்வாஸ்டேட்டின் அதே நொதியால்தான் சிதைய வேண்டும். வழி அடைபட்டால் அது இரத்தத்தில் பன்மடங்கு தேங்கி, தசைகளைக் கரைக்கத் தொடங்கும். கரைந்த தசைப் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். இதயத்தைக் காக்கக் கொடுத்த மாத்திரையே உயிருக்கு உலை வைப்பது இப்படித்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஸ்டேட்டின் வகை மருந்துகள் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆகாதவை அல்ல. மாறாக, அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுபவை. எந்த ஸ்டேட்டின், எவ்வளவு என்பதில்தான் கவனம் வேண்டும். ஏன் கூடுதலாகத் தேவை என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில். இந்தியாவிலும் அதே ஆண்டில்தான் கண்டறிந்தனர். கண்டறிந்தவர்கள் சென்னையின் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அந்தக் காலத்தில் இந்நோய் வந்தால் சில ஆண்டுகளில் மரணம் என்பதுதான் நிலை. இதய நோயைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் ஆயுள் இல்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் வந்தது. மலேசியாவில் 2006 முதல் முதல்நிலை மருந்துகள் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்று தினமும் ஒரு மாத்திரையோடு முடிந்துவிடும் மருத்துவமும் உண்டு. மருந்தால் இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் வழி அது துணைவருக்குத் தொற்றுவதில்லை என்பதும் உறுதிப்பட்டுவிட்டது.

ஆக, ஆயுள் நீண்டது. நீண்ட ஆயுளோடு முதுமைக்குரிய நோய்களும் வந்து சேர்ந்தன. நம் நாட்டில் முதல் இருபது ஆண்டுகளில் இக்கிருமி பரவியதற்குப் பெருங்காரணம் போதைப் பழக்கமும் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதும். அன்று இருபது வயதில் வழி தவறிய இளைஞர், பழக்கத்தை விட்டு, வேலை தேடி, குடும்பம் நடத்தி, இன்று ஐம்பதைக் கடந்து நிற்கிறார். அவருடைய சிகரெட் பழக்கம் மட்டும் பல வேளைகளில் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எச்.ஐ.வி. உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுடைய மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. கிருமிதான் அடங்கிவிட்டதே, பிறகு ஏன் என்று கேட்கத் தோன்றும். அடங்கியது என்றால் அழிந்தது என்று பொருளன்று. நெருப்பை அணைத்த பின்னும் சாம்பலுக்கடியில் கங்கு கனன்றுகொண்டிருப்பதைப்போல, கிருமி நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் ஒளிந்து கிடக்கிறது. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி அதை உணர்ந்து, ஓய்வே இல்லாமல் விழித்திருக்கிறது. மேலும், கிருமி புகுந்த முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரைக் காக்கும் வெள்ளையணுக்கள் பெருமளவு அழிந்துவிடுகின்றன. அந்தப் பாதுகாப்பு பின்னர் முழுமையாகத் திரும்புவதில்லை. குடலில் இருக்க வேண்டிய நுண்ணுயிர்களின் துகள்கள் மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றைக் கண்டும் எதிர்ப்புச் சக்தி சீறுகிறது.

இந்த ஓயாத சீற்றத்தைத்தான் மருத்துவத்தில் நீடித்த அழற்சி என்கிறார்கள். அதன் சேதம் இரத்தக் குழாயின் உட்சுவரில் இறங்குகிறது. அங்கே படியும் கொழுப்பைத் தின்ன வரும் வெள்ளையணுக்கள் தாமும் அங்கேயே சிக்கிப் பொதபொதவென்ற கட்டியாகின்றன. வயதானவர்களின் குழாயில் காணும் சுண்ணாம்பு படிந்த பழைய படிவு ஓரளவு உறுதியாக நிற்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மிருதுவான, எளிதில் வெடிக்கக்கூடிய படிவு அதிகம் காணப்படுகிறது. அது வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், அதுவே மாரடைப்பு.

அடுத்த கேள்வி, மருந்துகளே இதயத்தைக் கெடுக்கின்றனவா என்பது. இதில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மைதான் ஆபத்தானது. 2003இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்து, கூட்டு மருந்து உண்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாரடைப்பு வாய்ப்பு 26 விழுக்காடு கூடியதாகச் சொன்னது. அக்காலத்து மருந்துகள் சில இரத்தக் கொழுப்பை ஏற்றின. முகத்திலும் கை கால்களிலும் சதை வற்றி வயிறு பெருக்கும்படி செய்தன. அபகாவிர் என்ற மருந்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக 2008இல் எழுந்த ஐயம் பிற்கால ஆய்வுகளில் ஒருமித்து உறுதிப்படவுமில்லை, முற்றிலும் நீங்கவுமில்லை. ஆகவே இதய நோய் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கவே இன்று மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

இச்செய்தி பரவியதும், மருந்தை விட்டு விட்டு எடுத்தால் இதயம் தப்பிக்குமோ என்ற எண்ணம் எழுந்தது. அதைச் சோதிக்கவே 33 நாடுகளில் 5,472 பேரைக் கொண்டு ஸ்மார்ட் என்ற ஆய்வு நடந்தது. ஒரு சாரார் இடைவிடாமல் மருந்து உண்டனர். மறு சாரார் உடல் தேறும்போது நிறுத்தி, தளரும்போது மீண்டும் தொடங்கினர். 2006இல் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடையேதான் மரணம் அதிகம். இதய நோயும் அவர்களிடமே அதிகம்! மருந்தின் தீமையைவிட, அடக்கப்படாத கிருமியின் தீமை பெரிது என்பது அன்று விளங்கியது. பழைய மருந்து இதயத்துக்கு ஒவ்வாவிட்டால் அதை மாற்றித் தரும்படி கேட்கலாம்; விட்டுவிடலாகாது.

இப்போது நற்செய்திக்கு வருவோம். இரத்தக் கொழுப்பு அவ்வளவாக ஏறாத, இதய நோய் ஏதும் இல்லாத எச்.ஐ.வி. நோயாளிக்கும் ஸ்டேட்டின் கொடுத்தால் பயன் உண்டா? இதை அறிய 2015இல் ரிப்ரீவ் என்ற ஆய்வு தொடங்கியது. 12 நாடுகளில், 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர் சேர்ந்தனர். இந்தியாவும் தாய்லாந்தும் அந்நாடுகளில் அடங்கும். பாதிப் பேருக்குப் பிட்டாவாஸ்டேட்டின் என்ற மாத்திரை தினமும் 4 மில்லிகிராம். மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லா மாத்திரை. இவர்களுடைய கெட்ட கொழுப்பின் அளவு தொடக்கத்தில் நடுத்தரமாக 2.8 மில்லிமோல்தான். கிளினிக்கில் காட்டினால், பரவாயில்லை, போய் வாருங்கள் என்று சொல்லக்கூடிய அளவு அது.

2023இல் இந்த ஆய்வும் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆனால் இம்முறை மகிழ்ச்சியான காரணத்துக்காக. மாத்திரை உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. இனியும் மறு சாராருக்கு வெறும் மாத்திரை கொடுப்பது முறையன்று என்று முடிவாயிற்று. விலையும் சொல்லிவிட வேண்டும்: தசை வலி மருந்து உண்டவர்களுள் நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேல், வெறும் மாத்திரை உண்டவர்களிடம் ஒன்றுக்குச் சற்று மேல். இனிப்புநீர் புதிதாக வந்தவர்கள் நூற்றுக்கு ஐவர், மறுபுறம் நால்வர். ஒருவரின் பெரும் பாதிப்பைத் தடுக்க ஏறத்தாழ நூறு பேர் ஐந்தாண்டு காலம் உண்ண வேண்டும். அது சிறு பயன்தானே என்று நினைப்பவர்கள், ஏற்கெனவே இனிப்புநீரும் புகைப் பழக்கமும் இருப்பவருக்குப் பயன் இன்னும் கூடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். 2024இல் அமெரிக்க மருத்துவ வழிகாட்டுக் குழு, 40 வயதைக் கடந்த எச்.ஐ.வி. நோயாளிகளில் இடைநிலை ஆபத்து உள்ளவர்களுக்கு ஸ்டேட்டின் கொடுக்கப் பரிந்துரைத்தது. ஆகவே நாற்பதைக் கடந்த ஒருவர் அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, எனக்கு ஸ்டேட்டின் வேண்டுமா டாக்டர் என்று கேட்பதில் தவறே இல்லை.

நம்மவர்களுக்கு இதில் இரட்டைச் சுமை உண்டு. 52 நாடுகளில் நடந்த ஒரு மாரடைப்பு ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுத்தர வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறது. மரபு ஒருபுறமிருக்க, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் இனிப்புநீரும் புகையும் காய்கறி பழம் குறைந்த உணவும்தான் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. காலையில் நெய் தடவிய ரொட்டி சானாய், பத்து மணிக்குக் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், மதியம் தேங்காய்ப்பால் குழம்பு என்று நாள் ஓடினால், அந்தச் சுமையின் மேல் கிருமியின் சுமையும் ஏறுகிறது. புதிய எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றால் உடல் எடை கூடுவதும் உண்டு. ஆகவே வருடம் ஒருமுறையாவது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது சிகரெட்தான். எச்.ஐ.வி. அடங்கிய நிலையிலும் புகைப்பவருக்கு, அந்தக் கிருமியைவிடப் புகையே அதிக ஆயுளைப் பறிக்கிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும் அன்பர்கள் அத்தனை நாளும் சிகரெட்டைத் தொடுவதில்லை. ஊசி பழகியவர்கள்கூட விரத காலத்தில் கட்டுப்பாடாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நிக்கோட்டினின் கடுமையான ஏக்கம் முதல் சில வாரங்களில்தான். 48 நாளில் அதைக் கடந்தாயிற்று. 49ஆம் நாள் காலையில் பற்றவைக்கும் சிகரெட், ஏக்கத்தால் வருவதன்று. நண்பர் நீட்டுவதால் வருவது. அந்த ஒன்றை மறுத்துவிட்டால் போதும். முடியாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப் பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு உண்டு.

விரதத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. விரத நாளில் மாத்திரை உண்ணலாகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எச்.ஐ.வி. மருந்தையே நிறுத்தி விடுபவர்கள் இருக்கிறார்கள். மேலே கண்ட ஸ்மார்ட் ஆய்வை நினைவிற் கொள்ளவும். மருந்து விரதத்தை முறிப்பதில்லை. ஆனால் சில மருந்துகளை, எடுத்துக்காட்டாக டருணாவிர், ரில்பிவிரின் ஆகியவற்றை, உணவோடுதான் எடுக்க வேண்டும். ஒருவேளை மட்டும் உண்பவர்கள் அந்த வேளையோடு மருந்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம்.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவையெல்லாம் மாரடைப்பின் அறிகுறிகள் என்பது பலருக்கும் தெரியும். பெண்களுக்கும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பும் குமட்டலுமாக வருவதும் உண்டு. நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? காற்றுப் பிடித்துக்கொண்டது என்று கோடாலித் தைலம் தேய்ப்பது. பெருங்காயம் கரைத்துக் கொடுப்பது. அரை மணி நேரம் போய்விடும். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

அவசரப் பிரிவில் எச்.ஐ.வி. மருந்தை மறைத்தாலும் கேடுதான். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த பின் கொடுக்கும் டிக்காகிரெலார் என்ற மருந்தை ரிட்டோனாவிரோடு சேர்க்கக்கூடாது. இரத்தம் கசிய ஏதுவாகும். குளோப்பிடோகிரெல் என்பதோ அதனோடு சேர்ந்தால் சரிவர வேலை செய்யாமல் போகும். டொலுடெக்ராவிர் உண்பவருக்கு இனிப்புநீர் மருந்தான மெட்ஃபார்மினின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இவற்றை மருத்துவர் அறிவார். நோயாளி என்ன உண்கிறார் என்பது தெரிந்தால்தான் அந்த அறிவு பயன்படும். ஆகவே உண்ணும் மருந்துகளின் பெயர்களை ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளலாம். நோயின் பெயர் அதில் வேண்டியதில்லை. கவுண்டரில் எதுவும் பேசாமல், மருத்துவரின் அறைக்குள் சென்று கதவைச் சாத்திய பின் அந்தத் தாளை நீட்டினால் போதும். வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தூணோரம் காத்திருந்த அந்த அன்பர் பிழைத்துக்கொண்டார். தசை பாதிப்பு தொடக்க நிலையிலேயே பிடிபட்டது. எச்.ஐ.வி. மருந்தையும் மாற்றி, அதற்கேற்ற வேறொரு ஸ்டேட்டினையும் கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முன்பு மறுபடியும் வந்து, காவடி எடுக்கலாமா என்று கேட்டார். அதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். இப்போதைக்குப் பால்குடம் போதும் என்று அங்கே சொன்னார்களாம். அதற்கும் பத்து நாள் வருத்தமாக இருந்தார்.

அவர் நின்ற அந்தத் தூணுக்கு அருகில்தான் இப்போது மருந்து ஆலோசனை மேசையைப் போடுகிறோம். முன்னால் ஒரு துணித் திரை உண்டு. பெயர் கேட்பதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் வருகிற எல்லோருக்கும் ஒன்றுபோலவே பார்க்கப்படும். யாருக்கு என்ன என்று யாரும் பிரித்தறிய வழியில்லை. திரை தைத்துக் கொடுத்தவர் ஓர் உபயதாரர். எதற்காக என்று அவரும் கேட்கவில்லை.